ஏழாம் பக்கத்தில் ஒரு கோடு

ஸ்காட்லாந்தில் டண்டீ என்று ஓர் ஊர். 2018-ல் அங்கே ஒரு சிறிய பொது நூலகத்துக்கு வந்த வாசகி ஒருவர் நூலகரிடம் ஒரு சந்தேகம் கேட்டார். அவர் எடுத்துப் போகிற புத்தகங்களில் எல்லாம் ஏழாம் பக்கத்தில் '7' என்ற எண்ணுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருக்கிறதே, அது ஏன்?

நூலகர் அலமாரிக்குப் போய் அதே வகைக் கதைப் புத்தகங்களை எடுத்துப் புரட்டினார். பலவற்றில் அந்தக் கோடு இருந்தது. துப்பறியும் நாவலின் முதல் அத்தியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் முடிச்சு சீக்கிரமே அவிழ்ந்துவிட்டது. ஒரே மாதிரிக் கதைகளை வரிசையாக எடுத்துப் படிக்கும் வயதான வாசகிகள் சிலர், எதைப் படித்தோம், எதைப் படிக்கவில்லை என்று குழம்பாமல் இருக்க ஆளுக்கொரு ரகசிய அடையாளம் வைத்திருந்தார்கள். ஏழுக்குக் கீழே கோடு, அவர்களில் ஒருவருடைய கையெழுத்து!

தமிழ்நாட்டில் வாடகை நூலகப் புத்தகங்களைப் புரட்டியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கடைசிப் பக்க மூலையில் ஒரு டிக், ஒரு சின்ன வட்டம், பென்சிலில் இரண்டு இனிஷியல். யாரோ ஒருவர் 'இது ஆச்சு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்ட அடையாளம். (முதல் பக்கத்திலேயே கொலையாளியின் பெயரை எழுதி வைத்துவிட்டுப் போகும் மகானுபாவர்களும் உண்டு. அவர்கள் வேறு ஜாதி.)

வருஷம் முழுக்கப் படித்ததைக் குறித்து வைப்பது நல்ல பழக்கம் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் க்ரைமும் ஃபேன்டஸியும் படிக்கிறவர்களுக்கு அது வெறும் நல்ல பழக்கம் மட்டுமில்லை, அத்தியாவசியம். சமூக நாவல் ஒன்றை மறந்துபோய் இரண்டாம் முறை எடுத்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. இன்னொரு முறை ரசித்துக்கொள்ளலாம். கொலைக் கதை அப்படியா? நாற்பதாம் பக்கத்தில் தோட்டக்காரர் கத்தரிக்கோலோடு வந்து நின்றதும், 'அடடா, இவன்தானே!' என்று பளிச்சென்று ஞாபகம் வந்தால், மிச்சமிருக்கிற இருநூறு பக்கமும் சப்பென்று ஆகிவிடும். கொடுத்த காசும் போச்சு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் போச்சு.

இதில் வாசகர் மேல் மட்டும் தப்பில்லை. பதிப்பாளர்களும் சேர்ந்துதான் குழப்புகிறார்கள். அகதா கிறிஸ்டியின் 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' 1934-ல் இங்கிலாந்தில் வந்தது. அமெரிக்காவில் அதே நாவலுக்கு 'மர்டர் இன் தி காலே கோச்' என்று பெயர். 'லார்ட் எட்ஜ்வேர் டைஸ்' அங்கே 'தர்ட்டீன் அட் டின்னர்' ஆனது. 'டெத் இன் தி க்ளவுட்ஸ்' அங்கே 'டெத் இன் தி ஏர்'. '4.50 ஃப்ரம் பாடிங்டன்' என்ற ரயில் கொலைக் கதையை, 'வாட் மிஸஸ் மெக்கில்லிகடி சா!' என்ற தலைப்பில் பார்த்தால் யாருக்குத்தான் அடையாளம் தெரியும்? பழைய புத்தகக் கடைகளில் பிரிட்டிஷ் பதிப்பும் அமெரிக்கப் பதிப்பும் கலந்துதான் கிடக்கும். கிறிஸ்டி எழுதிய 66 துப்பறியும் நாவல்களையும் முடித்தே தீருவது என்று கிளம்பிய பலர், கணக்கில் அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது என்று வந்து விழித்த காரணம் இதுதான்.

நம் ஊரிலும் இந்தக் கதை உண்டு. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'விட்டு விடு கருப்பா' நாவல், தொலைக்காட்சிக்கு வந்தபோது 'விடாது கருப்பு' ஆகிவிட்டது. டி.வி.யில் பார்த்தவர் புத்தகக் கடையில் தேடுவது ஒரு பெயர், அங்கே இருப்பது இன்னொரு பெயர். பத்திரிகையில் தொடராக வந்தபோது ஒரு தலைப்பு, மாத நாவலாக வந்தபோது இன்னொன்று, தொகுப்பில் சேர்ந்தபோது மூன்றாவது என்று பெயர் மாறிய கதைகளும் இருக்கின்றன. ஆகவே, குறிப்பில் தலைப்பை மட்டும் எழுதினால் போதாது. துப்பறிகிறவர் யார், செத்தவர் யார், எங்கே செத்தார் என்ற மூன்றையும் ஒரு வரியில் எழுதி வைத்தால், எந்த அட்டைக்குள் ஒளிந்து வந்தாலும் பிடித்துவிடலாம். கொன்றவர் யார் என்பதை மட்டும் எழுதக் கூடாது. ஒரே நோட்டை வீட்டில் நாலு பேர் புரட்டுவார்கள்.

க்ரைம் படிப்பவர்களுக்கு நோட்டில் இன்னொரு விளையாட்டும் இருக்கிறது. எல்லாத் துப்பறியும் கதை ரசிகர்களும் கடைசிப் பக்கத்தை மூடியதும் சொல்லும் ஒரே வசனம், 'எனக்கு அப்பவே தெரியும்.' அப்பவே என்றால் எப்போது? அதற்குச் சாட்சி கிடையாது. எல்லெரி குவீன் என்ற புனைபெயரில் இரண்டு சகோதர முறை உறவினர்கள் சேர்ந்து எழுதினார்கள். 1929-ல் வந்த அவர்களுடைய முதல் நாவலான 'தி ரோமன் ஹாட் மிஸ்டரி'யில், முடிவுக்குச் சற்று முன்னால் கதையை நிறுத்திவிட்டு, தேவையான எல்லாத் துப்பும் இப்போது உங்கள் கையில் இருக்கிறது, கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்று வாசகரை நேரடியாகச் சவாலுக்கு அழைத்தார்கள். ஜப்பானில் சோஜி ஷிமாடா 1981-ல் எழுதிய 'டோக்கியோ ஸோடியாக் மர்டர்ஸ்' நாவலிலும் இதே சவால் உண்டு.

சவால் இருக்கிறதோ இல்லையோ, பாதிப் புத்தகத்தில் நிறுத்தி நோட்டில் ஒரு வரி எழுதி வைத்துவிட வேண்டும். 'பக்கம் 112. சந்தேகம்: மருமகன். காரணம்: ரொம்ப நல்லவனாக இருக்கிறான்.' அவ்வளவுதான். புத்தகம் முடிந்ததும் பக்கத்தில் சரி அல்லது தப்பு. இப்படி ஒரு வருஷம் எழுதிப் பார்த்தவர்களுக்கு இரண்டு உண்மைகள் தெரிய வரும். ஒன்று, 'அப்பவே தெரியும்' என்பது பத்துக்கு ஏழு முறை பொய். இரண்டு, ஒவ்வொருவருக்கும் சந்தேகப்படுவதிலேயே ஒரு பழக்கம் இருக்கிறது. சிலருக்கு எப்போதும் டாக்டர் மேல் கண். சிலர் பணக்காரர்களையே பிடிப்பார்கள். அமைதியாக இருக்கும் பெண்மணியை ஒருபோதும் சந்தேகப்படாதவர்களும் உண்டு. எழுத்தாளர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறார்கள் என்பதும் மெதுவாகப் புரியும்.

ஃபேன்டஸி வாசகருக்குத் தொல்லை நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. க்ரைமில் ஞாபகம் வந்தால் ஆபத்து, இங்கே ஞாபகம் வராவிட்டால் ஆபத்து. ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' வரிசையில் முதல் புத்தகம் வந்தது 1990-ல். கடைசி, அதாவது பதினான்காவது, வந்தது 2013-ல். பதினேழு வயதில் ஆரம்பித்தவர் நாற்பது வயதில் முடித்திருப்பார். நடுவில், 2007-ல், எழுத்தாளரே காலமாகிவிட்டார். அவர் விட்டுச் சென்ற குறிப்புகளை வைத்துக்கொண்டு பிராண்டன் சாண்டர்சன் என்ற இளைய எழுத்தாளர் கடைசி மூன்று புத்தகங்களை எழுதி முடித்தார். குறிப்பு எழுதி வைக்காத மனிதராக ஜோர்டன் இருந்திருந்தால், பதினோரு புத்தகம் படித்துவிட்டுக் காத்திருந்தவர்களின் கதி என்ன?

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் வாசகர்களுக்கு இன்னும் சோதனை. 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 1996-ல் வந்தது. ஐந்தாவது புத்தகம் 2011-ல். ஆறாவதற்கு இன்னும் காத்திருக்கிறார்கள். அர்சுலா லெ குவினின் 'எர்த்ஸீ' கதைகளில் மூன்றாவது நாவல் 1972-லும் நான்காவது 1990-லும் வந்தன. இடையில் பதினெட்டு வருஷம். மூன்றாவதைப் பள்ளியில் படித்த பெண், நான்காவதைத் தன் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுப் படித்திருப்பாள். எந்த ராஜாவுக்கு யார் தம்பி, வாள் கடைசியில் யார் கையில் இருந்தது, வடக்கு எல்லையில் யார் காவல் நின்றார்கள் என்பதெல்லாம் யாருக்கு நினைவிருக்கும்?

வாரப் பத்திரிகை படிக்கிற தமிழ்க் குடும்பங்களிடம் இதற்கு மருந்து பல காலமாக இருக்கிறது. அதன் பெயர் 'முன்கதைச் சுருக்கம்'. ஏழே நாள் இடைவெளிக்குப் பத்திரிகைக்காரர்கள் அதைப் போட்டார்கள். ஏழு வருஷ இடைவெளிக்கு யாரும் போட்டுத் தருவதில்லை, வாசகரே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். ஒரு ஃபேன்டஸி புத்தகம் முடிந்த அன்றைக்கே, மறுநாள்கூட இல்லை, நாலு வரி. யார் யார் உயிரோடு இருக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், யாருக்கு என்ன வேண்டும், எந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கதை முழுவதையும் எழுதப் புகுந்தால் மூன்றாவது புத்தகத்தோடு நோட்டே நின்றுவிடும். 'தொடரும்' போட்ட இடம் தெரிந்தால் போதும்.

எந்தப் பக்கத்தில் எழுதுவது என்றே தெரியாத புத்தகங்களும் வந்து சேரும். நோட்டில் க்ரைமுக்கு ஒரு பாதி, ஃபேன்டஸிக்கு ஒரு பாதி என்று பிரித்துவிட்டு உட்கார்ந்தால், சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' எங்கே போகும்? கணேஷும் வசந்தும் இருப்பதால் க்ரைம் என்று எழுதலாம். ஆனால் அந்தப் பங்களாவில் நடப்பது ஆவியா அறிவியலா என்ற கேள்விதான் கதையையே ஓட்டுகிறது. சைனா மியவில் எழுதிய 'தி சிட்டி அண்ட் தி சிட்டி' (2009) ஒரு கொலை விசாரணைதான். ஆனால் விசாரணை நடப்பது ஒரே இடத்தில் ஒன்றோடொன்று கலந்திருக்கும் இரண்டு நகரங்களில். ஒரு நகரத்தார் இன்னொரு நகரத்தாரைக் கண்ணெதிரே பார்த்தாலும் பார்க்காதது போல நடந்துகொள்ள வேண்டும் என்பது அங்கே சட்டம். அதற்கு ஃபேன்டஸிக்காரர்களின் பெரிய விருதான ஹ்யூகோ கிடைத்தது. டெர்ரி பிராட்செட்டின் 'டிஸ்க்வேர்ல்ட்' வரிசையில் மொத்தம் 41 நாவல்கள். அதில் நகரக் காவல்படை வரும் கதைகள் எல்லாம் போலீஸ் கதைகள்தாம், காவலர்களில் ஒருவர் ஓநாய் மனிதராக இருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் பிரிக்காமல், தேதி வரிசையில் ஒரே பட்டியலாகப் போவதே உத்தமம். தேதி கட்டாயம். இதைக் கற்றுக்கொடுத்தவர் அகதா கிறிஸ்டியேதான், அதுவும் தான் செய்த தப்பின் மூலம். அவர் இறந்த பிறகு கிரீன்வே வீட்டில் 73 குறிப்பு நோட்டுகள் கிடைத்தன. அவற்றை ஜான் கரன் என்ற ஆய்வாளர் உட்கார்ந்து படித்து 2009-ல் ஒரு புத்தகமே போட்டார். நாவலுக்கான விஷ யோசனைக்குப் பக்கத்தில் கடைச் சாமான் பட்டியல், கொலையாளி யார் என்ற யோசனைக்குக் கீழே வீட்டு வேலை விவரம் என்று எல்லாம் கலந்து கிடந்தது. கையில் கிடைத்த நோட்டை எடுத்துக் கிடைத்த பக்கத்தில் எழுதியிருக்கிறார். பெரும்பாலும் தேதி கிடையாது. எது எந்த வருஷம் எழுதியது என்று கண்டுபிடிக்க அந்த ஆய்வாளர் தானே ஒரு பொய்ரோவாக மாற வேண்டியிருந்தது.

இனி எண்ணிக்கை. இந்த விஷயத்தில்தான் பலருடைய நல்ல பழக்கம் கெட்டுப்போகிறது. குட்ரீட்ஸ் தளம் 2011 முதல் ஆண்டுதோறும் ஒரு சவால் வைக்கிறது. இந்த வருஷம் எத்தனை புத்தகம் படிப்பீர்கள் என்று ஜனவரியில் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். பிறகு போன் திரையில் ஒரு பட்டை நகர்ந்துகொண்டே வரும், இலக்கைவிட இத்தனை புத்தகம் பின்தங்கியிருக்கிறீர்கள் என்று அவ்வப்போது சொல்லும். ஐம்பது என்று ஆசையாகப் போட்டவர் நவம்பரில் முப்பத்தொன்றில் நிற்பார். அப்புறம் நடப்பது தெரிந்ததுதானே! டிசம்பர் முழுக்க ஒல்லியான புத்தகங்களாகத் தேடித் தேடி முடிப்பார். சாண்டர்சனின் 'தி வே ஆஃப் கிங்ஸ்' ஆயிரம் பக்கத்துக்கு மேல். அதுவும் கணக்கில் ஒன்று. பஸ்ஸில் போகும்போதே முடிகிற பாக்கெட் நாவலும் ஒன்று. இந்தக் கணக்கை நம்பினால், தடிப் புத்தகம் எடுக்கவே கை நடுங்கும். ஃபேன்டஸி படிப்பவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

ஆனாலும் எண்ணுக்கு ஒரு மரியாதை உண்டு, ஒரு வருஷத்தை விட்டுவிட்டு ஆயுளைப் பார்த்தால். பாடகர் ஆர்ட் கார்ஃபங்கல் 1968 ஜூனிலிருந்து தான் படித்த ஒவ்வொரு புத்தகத்தையும் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். ஆயிரத்தைத் தாண்டிய அந்தப் பட்டியல் அவருடைய இணையதளத்தில் இருக்கிறது. அரை நூற்றாண்டில் ஆயிரம் என்பது, மாதத்துக்கு இரண்டு புத்தகத்துக்கும் குறைவு. அவசரமில்லாத வேகம். இதே போல மாதம் இரண்டு என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 24. ராஜேஷ்குமார் ஒருவர் மட்டுமே 1500 நாவல்களுக்கு மேல் எழுதியிருக்கிறார். அந்த வேகத்தில் அவரை மட்டும் படித்து முடிக்க அறுபத்திரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, தமிழ்வாணன் எல்லாம் அப்புறம்தான். அறுபது வயதில் பணி ஓய்வு பெற்று, இனிமேல் நிம்மதியாகப் படிக்கலாம் என்று உட்காருகிறவருக்கு இருபது வருஷம் கண் நன்றாக இருந்தால், கிடைப்பது 480 புத்தகம். ஒரு நல்ல அலமாரி கொள்ளும் அளவு.

இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால் பிடிக்காத புத்தகத்தை மூடிவைக்கத் தைரியம் வரும். பாதியில் விட்டதையும் நோட்டில் எழுதத்தான் வேண்டும், அதில் அவமானம் ஒன்றுமில்லை. எந்தப் பக்கத்தில் விட்டோம், ஏன் விட்டோம் என்று ஒரு வரி. 'பக்கம் 80. ஏழு ராஜ்யம், எழுபது பெயர், ஒருவர்கூட இன்னும் சாப்பிடவில்லை.' இரண்டு வருஷம் கழித்து அதே எழுத்தாளரின் இன்னொரு புத்தகம் தள்ளுபடி விலையில் கண்ணில் படும்போது இந்த வரி காப்பாற்றும். ஸ்டோரிகிராஃப் என்ற ஆப்பில் பாதியில் விட்ட புத்தகங்களுக்கென்றே தனி அடையாளம் இருக்கிறது.

ஆப்பா, நோட்டா என்று கேட்டால், கை எதற்குப் பழகியதோ அது. ஆப்பில் தேடுவது சுலபம், புத்தகக் கடையில் நின்றபடியே 'இது வீட்டில் இருக்கிறதா' என்று பார்த்துவிடலாம். சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய், ஏற்கெனவே இருக்கிற புத்தகத்தையே மறுபடி வாங்கி வந்து வீட்டில் திட்டு வாங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும். நிக் ஹார்ன்பி என்ற ஆங்கில எழுத்தாளர் 2003 முதல் 'தி பிலீவர்' பத்திரிகையில் எழுதிய பத்தியில், மாதாமாதம் மேலே இரண்டு பட்டியல் போடுவார்: வாங்கியவை, படித்தவை. இரண்டும் சமமாக வந்தால்தான் ஆச்சரியம். ஆனால் ஆப் என்பது இன்னொருவர் வீட்டுத் திண்ணை. கடையை மூடினாலும், பாஸ்வேர்டு மறந்தாலும் பட்டியல் போய்விடும். வருஷக் கடைசியில் ஒரு பிரதி இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

நோட்டு வைத்திருப்பவர்களுக்கு முன்மாதிரி வேண்டுமானால் அமெரிக்கப் பத்திரிகையாளர் பமீலா பால் இருக்கிறார். பள்ளி மாணவியாக இருந்த 1988-லிருந்து ஒரே நோட்டில், படித்த புத்தகத்தின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் எழுதி வருகிறார். அந்த நோட்டுக்கு 'பாப்' என்று செல்லப் பெயர். 2017-ல் அதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். வெறும் பெயர்ப் பட்டியல்தான். ஆனால் ஒவ்வொரு பெயரும் அதைப் படித்த ஊரையும் அறையையும் அப்போது கூட இருந்தவர்களையும் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்துகிறது. பரீட்சைக்கு முந்தைய ராத்திரி பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்த விவேக் - ரூபலா கதையும், ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பாவுக்கு ஆபரேஷன் முடியும்வரை படித்த கதையும் அப்படித்தான். இரண்டாவதில் யார் யாரைக் கொன்றார்கள் என்று ஒரு எழுத்துகூட ஞாபகம் இருக்காது. அட்டைப் படம் மட்டும் கடைசிவரை மறக்காது.

குறிப்பு எழுதுகிறவர்கள் தவறவிடக் கூடாத நாவல் ஒன்று இருக்கிறது: சூசன்னா கிளார்க்கின் 'பிரனேசி' (2020). கணக்கற்ற மண்டபங்களும் சிலைகளும் கொண்ட ஒரு மாபெரும் வீடு. கீழ்த்தளத்தில் கடல் அலை வந்து போகும். அங்கே வசிக்கும் ஒருவன் தினமும் நோட்டில் எழுதுகிறான். நோட்டுகளுக்கு எண் போட்டு, அகராதி போல விஷய அட்டவணையும் தயாரித்து வைத்திருக்கிறான். அவன் எழுதிய அந்தக் குறிப்புகள்தான் நாவல். ஒருநாள் பழைய நோட்டு ஒன்றைப் புரட்டும்போது, தன்னுடைய கையெழுத்தில் இருக்கும் ஒரு விஷயம் அவனுக்கே புரியவில்லை. அதற்குமேல் சொல்வது தகாது. ஃபேன்டஸியாகத் தொடங்கி, நல்ல துப்பறியும் கதையின் வேகத்தோடு முடியும் புத்தகம் அது.

ஜனவரி முதல் வாரத்தில் போன வருஷத்து நோட்டைப் புரட்டினால் எல்லாருக்கும் அப்படி ஒரு வரியாவது அகப்படும். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு தலைப்பு. பக்கத்தில் தன் கையெழுத்திலேயே 'பிரமாதம், கடைசி வரை யூகிக்க முடியவில்லை' என்று இருக்கும். எவ்வளவு யோசித்தாலும் கதையில் ஒரு முகம்கூட நினைவுக்கு வராது. கொன்றவர் யாரென்று நல்லவேளையாக எழுதி வைக்கவில்லை. புத்தகம் எங்கே, அலமாரியில்தான் இருக்கிறதா, இல்லை மச்சினர் வாங்கிக்கொண்டு போனாரா?